கடைவாசலில் நிற்க வேண்டிய வண்டி

தை 4

வண்டிக்கு ஆகிற செலவை ஓரிடத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறாள் இந்திராணி. "எழுதினா உங்களுக்கே தெரியும்" என்றாள். கமுதிச் சந்தைத் தெருவுக்கு மூட்டை தூக்க வந்து, அதே தெருவில் மிளகாய்க் கமிஷன் கடை போட்டவன் நான். எனக்குத் தெரியாத செலவா? கட்டினவள் வாயை அடைக்க ஒரு டைரி, அவ்வளவுதான்.

வண்டி வெள்ளை நிறம். டீசல். ஏழு பேர் கால் நீட்டி உட்காரலாம், நெருக்கினால் பதினொரு பேர். வயது பதினாலு. மதுரையில் ஒரு டாக்டர் ஓட்டியதை வாங்கினேன். அடுத்த வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அடியில் பிடித்திருக்கிற துருவைப் பார்த்துவிட்டு என்ன சொல்லப் போகிறார்களோ.

சமீபத்தில் ஆனது: முன்சக்கரத்துக்கு புஷ், ஸ்டியரிங் ஆயில் ஒழுகியதற்கு ஹோஸ், பேட்டரி. டயர் மாற்ற வேண்டும், மாற்றவில்லை. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்கூடக் கொடுப்பதில்லை. போன வருஷம் டர்போ போனபோது இந்திராணியின் சங்கிலி பேங்குக்குப் போனது. அதையும் எழுதச் சொல்வாள். அது செலவில் சேராது. திருப்பிவிடுவேன்.

தை 7

காலையில் கிளம்பவில்லை. கடைச் சுமைக்காரர்கள் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போய், வழக்கமான இடத்தில், கடைவாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் டீயும் வடையும். வெயில் ஏறியதும் தானாகக் கிளம்பிவிட்டது. ஹீட்டர் பிளக் வேலை என்கிறார் மெக்கானிக் சிக்கந்தர் பாய்.

கிளம்பாத வண்டியைக் கடைக்குத் தள்ளிப் போய் என்ன பயன் என்று இந்திராணி கேட்டாள். அவளுக்குக் கணக்கு தெரியும், தெரு தெரியாது. இந்தத் தெருவில் வெள்ளாமை செய்கிற சம்சாரி மூட்டையை இறக்குமுன் கடைக்குள்ளே பார்ப்பதில்லை, வாசலைப் பார்க்கிறான். வண்டி நின்றால் கடை நிற்கிறது என்று அர்த்தம். இதே தெருவில் கடை வைத்திருந்த கனகவேல் ஒரு கார்த்திகையில் ஜீப்பை விற்றார். மகள் படிப்புக்காகத்தான் விற்றார், வேறு கஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் ஜீப் நின்ற இடம் காலியாக இருந்ததைப் பார்த்து ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பங்குனியில் அவர் களத்தில் கோழிதான் மேய்ந்தது. இப்போது அங்கே செல்போன் கடை.

இன்னொன்றும் உண்டு. நமக்குச் சரக்குப் போடுகிற சம்சாரி வீட்டில் கல்யாணம் என்றால் வண்டி நம்முடையதுதான் போகும். வாடகை கிடையாது. டீசல்கூட அவர்கள் போட்டால் உண்டு, போடாவிட்டால் நான் கேட்பதில்லை. அந்த வீட்டு மிளகாய் அப்புறம் எதிர்க்கடைப் பக்கம் திரும்பாது. எதிர்க்கடைத் தனுஷ்கோடி வட்டியில்லாமல் முன்பணம் தருகிறான். அவனிடம் இல்லாதது இந்த வண்டிதான்.

தை 12

முதுகுளத்தூர் போய் வரும்போது சூட்டு ஊசி மேலே ஏறியது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியவில்லை. அடியில் ஈரம் இல்லை.

தை 15

சிக்கந்தர் பாய் பட்டறை. ரேடியேட்டரில் பொடி ஓட்டைகள். காய்ந்த வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார், சொட்டுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறதாம். அது பரவாயில்லை. ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். மோர் மாதிரி வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது.

"தண்ணி இன்ஜினுக்குள்ள போகுது அண்ணாச்சி. கேஸ்கட்டோட போச்சா, ஹெட்டே கீறிருச்சான்னு தொறந்தாத்தான் தெரியும்."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஹெட்டைக் கழற்றி மதுரை லேத்துக்கு அனுப்ப வேண்டும், சாமான் வர வேண்டும், இருபது நாள் என்றார். அவர் இருபது என்றால் நாற்பது. பட்டறையில் ஆறு மாதமாக ஒரு கார் புளியமர இலை மூடிக் கிடக்கிறது, அதற்கும் ஒரு காலத்தில் இருபது நாள் என்றுதான் சொல்லியிருப்பார்.

மாசி பிறக்கப் போகிறது. மிளகாய் பழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தில் வேப்பமரத்தடி காலியாகக் கிடந்தால் தனுஷ்கோடிக்கு நான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. சீசன் முடியட்டும் பாய் என்றேன். பார்த்து ஓட்டுங்கள் என்றார். பார்த்து ஓட்டச் சொன்னதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

தை 19

கீழப்பனையூர் சாத்தையா வந்தார். தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை. மகள் காளீஸ்வரிக்கு மாசி 24 கல்யாணம். மாப்பிள்ளை சாயல்குடிக்கு மேற்கே ஒரு ஊர். தாலி கட்டு மாப்பிள்ளை வீட்டில்.

சாத்தையா யார் என்று இந்த டைரிக்குச் சொல்ல வேண்டும். அவருடைய மிளகாய் மட்டும் என்றால் சின்னக் கணக்கு. கீழப்பனையூரில் எந்தக் களத்து மூட்டையானாலும் அவர் எந்தக் கடையில் இறக்குகிறாரோ அங்கேதான் இறங்கும். என் கடைக்கு வருகிற சரக்கில் பாதிக்கு மேல் அந்த ஊர்ச் சரக்கு. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஊரே அவர் பின்னால் வருவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"பொண்ணு நம்ம வண்டியிலதான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிது அண்ணாச்சி. சின்னப் பிள்ளையில ஒருக்கா ஏறுனது" என்றார்.

தாராளமாக என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் போனபின் இந்திராணி தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போகாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அவருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. ஒரு மாசம் இருக்கு, வேற வண்டி பிடிச்சுக்குவாரு."

சொன்னால் சாயங்காலத்துக்குள் கீழப்பனையூர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றேன்.

"தெரியட்டுமே. அவுக வண்டியப் பாத்து வரல. நம்ம தராசப் பாத்து வாராக."

வீட்டுக்குள் இருந்துகொண்டு இப்படிப் பேசுவது சுலபம்.

மாசி 2

மூட்டை தூக்கிய காலத்தில் லாரிக்காரர்கள் செய்து பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவார்கள். சூட்டில் தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். லாரி மதுரை போய்ச் சேர்ந்துவிடும்.

கடையில் மஞ்சளுக்கா பஞ்சம்? ஈரோட்டு விரலி மஞ்சள் அரைத்தது, நல்ல சரக்கு, இரண்டு கை கரைத்து ஊற்றினேன். இந்திராணி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

மாசி 5

முதுகுளத்தூர் போய் வந்தேன். ஊசி பாதிக்கு மேல் ஏறவில்லை. தண்ணீர் குறையவில்லை. மஞ்சள் வாசம் மட்டும் லேசாக உள்ளே வருகிறது. ஊதுபத்தி வைத்தால் தெரியாது. சிக்கந்தர் பாய்க்குக் கொடுக்க இருந்த பணம் மிச்சம்.

இந்திராணியிடம் சொன்னேன். "கல்யாண வீட்டுக்கு நாப்பது கிலோமீட்டர். கூட்டத்த ஏத்திக்கிட்டுப் போகணும்" என்றாள். எனக்குத் தெரியாதா என்ன.

மாசி 11

சரக்கு வர ஆரம்பித்துவிட்டது. இன்னும் பெரிய வரத்து இல்லை. அபிராமத்துக்காரர் ஒருவர் மூட்டையின் வாயில் செக்கச் செவேலென்று முதல்தரம் வைத்து, அடியில் சோடைக் காயைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினேன். சிரித்து மழுப்பினார். சோடைக்கு உள்ள விலைதான் எல்லாவற்றுக்கும் என்று சொல்லிவிட்டேன். இதில் எனக்கு இரக்கம் கிடையாது. ஒரு தடவை அடியில் வைத்தவன் எப்போதும் வைப்பான்.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டினேன். பழைய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் என்பது கோயில் உண்டியல் மாதிரி. போட்டது போட்டதுதான்.

மாசி 18

சாத்தையா போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசினார். வெயிலைப் பற்றி, பந்தல்காரனைப் பற்றி. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. வண்டி காலையில தள்ளுறாங்கன்னு பயலுக ஏதோ சொன்னாய்ங்க. ஒண்ணும் தொந்தரவு இல்லையே? தம்பி ஒரு வேன் பேசி வச்சிருக்கான். அட்வான்ஸ் கொடுக்கவா, வேணாமா?"

யார் சொன்னது? தனுஷ்கோடி ஆட்களாகத்தான் இருக்கும்.

"என் வண்டி நிக்கும்போது வேன் எதுக்கு? பேட்டரி மாத்தியாச்சு. ஒரு தொந்தரவும் இல்ல. நானே ஓட்டிட்டு வாரேன்" என்றேன்.

"அண்ணாச்சியே ஓட்டுறீங்களா? எம் பிள்ளை கொடுத்து வச்சது" என்றார். நான் ஓட்டுவதாகச் சொன்னது ஊசியைப் பார்த்துக்கொள்ள. அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும், இரண்டும் நடக்கிறது.

மாசி 23

இன்னும் ஒரு கை மஞ்சள் போட்டேன். வண்டியைக் கழுவி மெழுகு போட்டாயிற்று. துரு தெரிகிற இடத்தில் பூச்சரம் வரும்.

மாசி 24

கல்யாணம் முடிந்தது.

மாசி 26

நேற்று எழுத உட்காரவில்லை. கடையில் வேலை.

காலையில் கீழப்பனையூர் போனபோது ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. நான் ஓட்டுநர் இருக்கையில் வேட்டி சட்டையோடு இருப்பதைப் பார்த்து ஒரு கிழவர் கும்பிட்டார். பொண்ணு, சாத்தையா, அவர் சம்சாரம், அவர் தங்கச்சி, தம்பி இருளாண்டி, பிள்ளைகள் என்று பதினொன்றுக்குக் குறையாது. ஏறிய உடனே தங்கச்சி மூக்கை உறிஞ்சி, "மஞ்ச வாசமா இருக்கே" என்றது. "கல்யாண வண்டின்னா வேற என்ன வாசம் வரும்? அண்ணாச்சி எல்லாம் பாத்துப் பாத்துச் செய்வாரு" என்றார் சாத்தையா.

முதுகுளத்தூர் வரை ஒரு குறையும் இல்லை. ஊசி பாதியில் நின்றது. அதற்கு அப்புறம் வெயில் ஏறிவிட்டது. தங்கச்சிதான் ஆரம்பித்தது, பொண்ணுக்குப் பவுடர் எல்லாம் வேர்வையில் இறங்குகிறது, ஏசி போடுங்கள் என்று. ஏசி போட்டால் இன்ஜினுக்குப் பாரம். போடமுடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏசி வேலை செய்யவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. போட்டேன்.

ஊசி ஏறியது. சாயல்குடி ரோட்டில் இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வீடு வாசல் இல்லாத இடம். பானட்டிலிருந்து புகை வந்தபிறகு நிறுத்தாமல் முடியாது. பெல்ட் சூடு, பத்து நிமிஷம் ஆறட்டும் என்றேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இருளாண்டிக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, தோள் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான்.

கொதித்த தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவன் முன்கையில் பட்டுவிட்டது. சட்டை, துண்டு, ரோடு எல்லாம் மஞ்சள்.

இருளாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சாத்தையா குனிந்து ரோட்டில் கிடந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார். மிளகாய்க்காரன் விரல், அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்க்கவே இல்லை.

வேனுக்குப் போன் போட்டார்கள். வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். கொஞ்ச நேரம் கழித்துக் கரிமூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லோடு வண்டி வந்தது. பொண்ணும் அவள் அம்மாவும் முன்னால் டிரைவர் பக்கத்தில். மற்றவர்கள் பின்னால் கரிமூட்டைகள் மேல். சாத்தையா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மடித்துக் கட்டி என்ன, கரி கரிதான். என்னையும் கூப்பிடுவார் என்று நினைத்தேன். நான் ஏறியிருக்க மாட்டேன், அது வேறு.

முகூர்த்தம் தப்பிவிட்டது. அடுத்த நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். கல்யாணம் முடிந்தது என்று நான் எழுதியது பொய் இல்லை.

மத்தியானம் ஒரு டிராக்டர் வந்து வண்டியை இழுத்தது. கீழப்பனையூர் டிராக்டர். அந்த நிலையிலும் சாத்தையாதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். பட்டறைக்குச் சந்தைத் தெரு வழியாகத்தான் இழுத்து வர வேண்டியிருந்தது. பூச்சரத்தைக் கழற்ற மறந்துவிட்டேன்.

மாசி 27

இந்திராணி எதுவும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் பதில் சொல்லலாம்.

மாசி 29

பஸ்ஸில் கீழப்பனையூர் போனேன். பஸ்ஸில் ஏறி எவ்வளவு காலம் ஆகிறது, டிக்கெட்டுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. ஆப்பிள், ஆரஞ்சு, கவரில் கொஞ்சம் பணம்.

இருளாண்டி கையில் கட்டு. ஆறிவிடும், தழும்பு நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். என்னைக் கண்டதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். சாத்தையா நாற்காலி போட்டார். டீ வந்தது. குடித்தேன். பழத்தை வாங்கிக்கொண்டார். கவரை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

அவர் சம்சாரம்தான் கதவருகில் நின்று சொன்னது. காளீஸ்வரியை மாமியார் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். "கரிக்காரன் மகளே"ன்னுதான் கூப்பாடாம். விளையாட்டுக்குத்தான் என்கிறார்களாம்.

"விளையாட்டு ரெண்டு நாளைக்கு. அப்புறம் சரியாயிரும்" என்றேன். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டது.

வண்டி யாருக்கும் நிற்கும், மனுஷனுக்கே காய்ச்சல் வருகிறது, இரும்புக்கு வராதா என்று நான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். சாத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்தபிறகுதான் பேசினார்.

"வண்டி நின்னதுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நான் போன்ல கேட்டேன்ல."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. பஸ் வருகிற நேரம் என்று அவரே ஞாபகப்படுத்தி, ரோடு வரை கூட வந்து ஏற்றிவிட்டார்.

பங்குனிச் சரக்கு பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பங்குனி 4

இன்ஜினைத் திறந்து பார்க்கச் சொன்னேன். சிக்கந்தர் பாய் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார். கீறல் தலைமுடி கனத்தில் இரண்டு இடத்தில் ஓடுகிறது. ரேடியேட்டர் குழாய் முழுக்க மஞ்சள் களி மாதிரி இறுகிவிட்டது. தை மாதமே திறந்திருந்தால் கேஸ்கட்டோடு முடிந்திருக்குமா என்று கேட்டேன்.

"முடிஞ்சிருக்கலாம். முடியாமலும் இருந்திருக்கலாம்" என்றார். தெளிவாக ஒரு பதிலைச் சொல்லித் தொலைக்க மாட்டார்.

புது ஹெட், ரேடியேட்டர், பம்பு, கூலி எல்லாம் சேர்த்தால் வண்டியின் விலைக்கு மேல் போகிறது. கழற்றியதைத் திரும்ப மாட்டித் தரச் சொன்னேன். ஓடாதே என்றார். ஓட வேண்டாம், நிற்கட்டும் என்றேன்.

பங்குனி 9

வண்டி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. பட்டறையிலிருந்து இழுத்துவர வாடகை. துடைத்து வைத்தோம்.

வரத்து நாள். தெரு கொள்ளாத மூட்டை. என் கடைக்கு அபிராமத்துக்காரர் மட்டும் வந்தார். இந்தத் தடவை மூட்டையின் வாயிலேயே சோடை. என்னிடம் இனி எதையும் மறைக்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பங்குனி 10

கீழப்பனையூர் சரக்கு வரவில்லை. மிளகாய் களத்தில் இன்னும் காயவில்லையாக இருக்கும்.

பங்குனி 17

காய்ந்துவிட்டது. எங்கேயோ போகிறது.

பங்குனி 21

சாத்தையா ஊரில் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேள்வி. கேட்டவர்களிடம்கூட, உங்கள் இஷ்டம், எங்கே நல்ல விலையோ அங்கே போடுங்கள் என்றுதான் சொன்னாராம். திட்டியிருந்தால் நான் போய்ச் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்பேன். வியாபாரத்தில் சண்டைக்கு மருந்து உண்டு.

டீக்கடையில் ஒரு சின்னப் பயல், கீழப்பனையூர்க்காரன், நான் இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தான். "வண்டியில மஞ்சளப் போட்டு மறைச்சவரு, தராசுல என்னத்தப் போட்டிருப்பாரோ." என் தராசில் ஒரு நாளும் ஒரு குண்டுமணி குறைந்ததில்லை. எழுந்து போய்ச் சொல்ல நினைத்தேன். டீக்குக் காசு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பங்குனி 28

சுமைக்காரர்கள் தனுஷ்கோடி கடைக்குப் போய்விட்டார்கள். சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இங்கே சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுக்க என்னாலும் முடியாது. ஒருவன் மட்டும், "காலையில வண்டியத் தள்ளணும்னா ஒரு குரல் கொடுங்க, வாரோம்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

சித்திரை 1

புதுக்கணக்கு. சந்தனம், குங்குமம், கல்கண்டு எல்லாம் வைத்திருந்தேன். முன்பெல்லாம் கீழப்பனையூரிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆள் வரும். கல்கண்டு அப்படியே இருக்கிறது. இந்திராணி எறும்பு வராமல் டப்பாவில் போட்டு மூடினாள்.

"வண்டிய வித்துருவோம்" என்றாள்.

சரி என்றேன். அவளுக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

சித்திரை 6

மதுரையிலிருந்து பழைய வண்டித் தரகர் வந்தார். கூலிங் கிளாஸ், கையில் இரண்டு போன். நாலு பக்கமும் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். உதைத்து என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

"என்னென்ன கோளாறு, சொல்லுங்க" என்றார்.

ஒரு தடவையாவது சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. ஹெட் கீறல் என்றேன். ரேடியேட்டர் அடைப்பு, மஞ்சள் போட்டது நான்தான் என்றேன். அடியில் துரு, எஃப்.சி. கிடைப்பது சந்தேகம். காலையில் குளிர் இருந்தால் கிளம்பாது, இப்போது எந்த நேரத்திலும் கிளம்பாது. ஸ்டியரிங் ஆயில் ஒழுகும். இரண்டாவது கியர் விழச் சிரமப்படும். ஏசி நன்றாக இருக்கிறது, அதைப் போட்டால்தான் எல்லாம் போகும். மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளிக் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். நெஞ்சு லேசாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

தரகர் கூலிங் கிளாஸைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார்.

"இத்தன வருசத் தொழில்ல இப்படி எவனும் எங்கிட்டச் சொன்னதில்ல. நீங்களே வாய்விட்டு இவ்வளவு சொல்றீகன்னா, சொல்லாதது இன்னும் என்ன இருக்கோ. கேஸு கீஸு எதுவும் உண்டா? ஆள் கீள் அடிபட்டதா?"

இல்லை என்றேன். ஒருத்தன் கையில் தண்ணீர் பட்டது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, பானட்டைத் திறந்தாவது பார்ப்போம் என்று வண்டியைக் கொஞ்சம் வெளியே தள்ளச் சொன்னார். நானும் அவருமாகத் தள்ளி வேப்பமரத்தைவிட்டுத் தெருப் பக்கம் கொண்டுவந்தோம். பார்த்துவிட்டு, போன் பண்ணுகிறேன் என்று போய்விட்டார். பண்ண மாட்டார். நானாக இருந்தாலும் பண்ண மாட்டேன்.

திரும்ப உள்ளே தள்ள ஆள் இல்லை. அப்படியே நிற்கிறது, மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டு.

சித்திரை 8

காலையில் தெருவில் ஹாரன். ஒரு லாரி, மேல்வரை மூட்டை, தனுஷ்கோடி கடைக்குள் ரிவர்ஸில் ஏற வேண்டும். என் வண்டியின் மூக்கு இடிக்கிறது. டிரைவர் இறங்கி வந்து, வண்டியைக் கொஞ்சம் எடுங்கள் என்றான். அவனுக்கு விஷயம் தெரியாது, வெளியூர்க்காரன்.

மூட்டைகளின் தையலைப் பார்த்தேன். நீலச் சணல். கீழப்பனையூரில் மட்டும்தான் நீலத்தில் தைப்பார்கள், நான்தான் பத்து வருஷத்துக்கு முன் உருண்டை உருண்டையாக வாங்கிக் கொடுத்துப் பழக்கினேன், என் கடைச் சரக்கு தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று.

எடுக்க வராது, தள்ள வேண்டும் என்றேன். லாரியின் இடது பக்கக் கதவு திறந்தது. சாத்தையா இறங்கினார். கிட்டே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க ஏறி ஸ்டியரிங்கப் பிடிங்க அண்ணாச்சி. நாங்க தள்ளுறோம்."

ஏறி உட்கார்ந்தேன். முன்கண்ணாடி வழியே பார்த்தால் எதிரே சாத்தையா, லாரி டிரைவர், எதிர்க்கடையிலிருந்து ஓடி வந்த என் பழைய சுமைக்காரர்கள். இந்திராணியும் வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாத்தையாவுக்குப் பக்கத்தில் கை வைத்தாள். அவர் அவளிடம் ஏதோ கேட்டார். அவளும் ஏதோ சொன்னாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. பவர் இல்லாத ஸ்டியரிங், இரண்டு கையாலும் திருகினால்தான் திரும்புகிறது. உள்ளே இன்னும் மஞ்சள் வாசம்.

வண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றது. லாரி பின்னால் நகர்ந்து தனுஷ்கோடி கடைக்குள் ஏறியது. நான் இறங்கவில்லை. மூட்டை இறக்கி முடிக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வண்டிச் செலவு இன்று எதுவும் இல்லை.